சோற்றுத் தீர்மானம்

தங்கையா அண்ணனின் தூக்குச்சட்டியைக் கல்லூரி வாசலில் போலீஸ்காரன் திறந்தபோது உள்ளே இருந்த சோறு இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவன் துப்பாக்கியைச் சோற்றுக்கு நேராகத்தான் பிடித்தான். சோறு கையைத் தூக்கவில்லை. தங்கையா அண்ணன் தூக்கினார். ஐம்பத்திரண்டாம் வருஷம், வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பருக்கை கொண்டுபோகவும் தடை. செலண்டார் பக்கத்துக் காகங்கள்கூட அந்த நாட்களில் உள்ளேயே தின்று, அலகைத் துடைத்துக்கொண்டுதான் முள்கம்பியைத் தாண்டும். என் கண்ணால் பார்த்தேன்.

கல்லூரி என்றால் அரசாங்க விவசாயக் கல்லூரி. இப்போது போய்த் தேடாதீர்கள், செம்பனை மரம்தான் நிற்கிறது. நான் அங்கே இரண்டாம் வருஷ மாணவன். தங்கையா அண்ணன் எங்கள் மெஸ்ஸில் சமையல்காரர். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மனைவி பெத்தம்மாளோடு குடியிருந்தார்.

எங்கள் பிரின்சிபல் துரை நல்ல மனிதர். அதுதான் தொல்லை. இந்த நாடு சீக்கிரம் தன்னைத் தானே ஆளப்போகிறது, இங்கேயே பழகிக்கொள்ளுங்கள் என்று கல்லூரிச் சபை ஒன்றை உண்டாக்கினார். வாத்தியார், மாணவர், புல்வெட்டுகிறவர், சமையல்காரர், எல்லாருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. கக்கூஸ் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று ஐந்து கூட்டம் பேசினோம். இரு தரப்பும் இறங்கி வராததால், யாருக்கும் மனக்கசப்பு வேண்டாமென்று கதவையே கழற்றிவிட்டோம். துரை கண் கலங்கி எல்லாருக்கும் கை கொடுத்தார்.

அந்தச் சபையில் நான் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றே ஒன்று. மீந்த சோற்றைக் குழி தோண்டிப் புதைக்காமல் சமையல்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்பது. கல்லூரி அனுமதித்தால் ஒரு சட்டி போகலாம் என்று எங்கள் பக்கத்து இன்ஸ்பெக்டரும் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அறுபத்துமூன்று பேரும் கை தூக்கினோம். தங்கையா அண்ணன் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைத்தான் எண்ணினோம். மூன்றாம் நாள் வாசலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சொன்னது ரொம்பச் சுருக்கம். அனுமதி கொடுத்தோம் என்று கல்லூரி ஒரு கடிதம் எழுதட்டும், ஆளை விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி நாடுகடத்த எழுதிவிடுவேன். தங்கையா அண்ணன் பிறந்தது இங்கே பக்கத்து ஊரான ரெம்பியாவில். நாகப்பட்டினம் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

பெத்தம்மாள் வாசலுக்கு வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீங்கதான எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன்லா. ரெண்டு வரிதான? இத்தன படிச்சிருக்கீங்க."

நான் சபையின் காரியதரிசியான கிளார்க் கனகலிங்கம் ஐயாவிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு குண்டூசியைக்கூட வீணாக்கமாட்டார்.

"தம்பி, கூட்டத்து மினிட்ஸ் இன்னும் கன்ஃபோர்ம் பண்ணேல்லை. அடுத்த கூட்டத்திலை சபை ஒப்புக்கொண்டாத்தான் அது தீர்மானம். அதுவரைக்கும் வெறும் பேச்சு."

"ஐயா, ஆளக் கப்பல்ல ஏத்திருவாங்க."

"கப்பலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிற மாதிரி மினிட்ஸுக்கும் ஒரு ஒழுங்கு இருக்குது கண்டியோ."

துரையிடம் போனேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு நான் தனியாகக் கையெழுத்துப் போட்டால் நாம் பழகியது எல்லாம் என்ன ஆவது என்று கேட்டார். வியாழக்கிழமையே அவசரக் கூட்டம் போட்டார். பயமில்லாமல் மனதில் உள்ளதைச் சொல்ல ரகசிய ஓட்டு என்றும் அறிவித்தார். ஆளுக்கொரு வெள்ளைத் தாள். தீர்மானம் நிறைவேறியது உண்மை என்றால் 'ஆம்', இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

பெட்டிதான் இல்லை. புதிதாகச் செய்வானேன் என்று கனகலிங்கம் ஐயா சைக்கிளில் போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் இரவல் வாங்கி வந்தார்.

அந்தப் பெட்டி எங்களுக்குத் தெரிந்த பெட்டி. முந்தின மாதம்தான் போலீஸ்காரர்கள் அதே பெட்டியோடு கல்லூரிக்கும் லயத்துக்கும் வந்து, காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர்கள் யார் என்று எழுதிப் போடச் சொல்லி ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்திருந்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். பெயர் எதற்கு, கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா? எழுதினால் காட்டுக்குப் பயம், பொய் எழுதினால் ஸ்டேஷனுக்குப் பயம். எல்லாரும் தாளை அப்படியே மடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். இப்போது அதே பெட்டி, அதே பூட்டு. சாவியோடு ஒரு போலீஸ்காரன் வேறு, கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

நான் பென்சிலை எடுத்தேன். 'ஆ' எழுத வாகாகப் பிடித்தேன். தீர்மானம் கொண்டுவந்தவன் நான் என்பது அவனுக்குத் தெரியுமா என்று ஒரு யோசனை வந்தது. அப்புறம் ஒரு கணக்கு வந்தது. அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம், அறுபத்தோரு 'ஆம்' போதாதா? தாளின் ஒரு மூலையை முக்கோணமாக மடிப்பது என் பழக்கம். மடித்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தாளைப் பெட்டியில் போட்டேன்.

போலீஸ்காரன் பூட்டைத் திறந்தான். கனகலிங்கம் ஐயா ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்து, "வெறுந்தாள்" என்று வாசித்தார். வெறுந்தாள். வெறுந்தாள். பத்தாவதுக்கு மேல் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இருபத்தைந்தாவதில் யாரோ ஒருவன் இருமினான். அறுபத்திரண்டாவது தாளையும் அதே குரலில்தான் வாசித்தார். அவருடைய தாளும் அதில் ஒன்று. துரையுடையதும்தான், அவருக்கும் ஒரு ஓட்டு உண்டே. நான் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன். இந்த எண்ணிக்கையில் மட்டும் ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சபை கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை என்று துரை எழுதி, கீழே கோடு போட்டார். கடிதம் போகவில்லை. கப்பல் போனது. பெத்தம்மாள் இன்னும் ஒரே ஒரு முறை வாசலுக்கு வந்தாள். என்னைத் தேடவில்லை. காலித் தூக்குச்சட்டியைப் போலீஸ்காரனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கனகலிங்கம் ஐயா டைப் அடித்த நிகழ்ச்சி நிரலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நல்ல தாள் வீணாகக் கூடாதென்று அந்த அறுபத்திரண்டு வெறுந்தாளிலேயே அடித்திருந்தார். ஒன்று, சென்ற கூட்டத்தின் மினிட்ஸை உறுதிப்படுத்துதல். இரண்டு, புதிய சமையல்காரர். என் கைக்கு வந்த தாளின் மூலையில் முக்கோணமாக ஒரு மடிப்பு. எத்தனையோ தாள் இருக்க அது ஏன் என்னிடம் வந்தது என்று கேட்காதீர்கள். நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

மினிட்ஸ் சரி என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் துரை.

எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று மற்றக் கையையும் தூக்கினேன். மடியிலிருந்த தாள் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மடிந்த மூலை மட்டும் மேலே நிமிர்ந்து நின்றது.