விளக்குத் துணியில் ஏறிய பூச்சி

அரிசி மணி அளவுதான் இருக்கும் அந்த அந்துப்பூச்சி. கரி பூசிய மாதிரி இறக்கை, ஓரத்தில் மஞ்சள் கோடு, நடுவே இரண்டு வெள்ளைப் புள்ளி. உலகத்திலேயே எங்கள் மலையில் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியவன் என் அண்ணன். அதை நம்பித்தான் மலைக்கு வெடி வைக்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனோம். மலை போனால் அடிவாரத்து அம்மா வீடும் போய்விடும். நாளைக்குக் கடைசி விசாரணை.

இன்று மத்தியானம், கழுவின குப்பிகளைக் காயவைக்க டவுனில் இருக்கும் எங்கள் பூச்சி ஆராய்ச்சி ஆபீஸின் மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியில் படர்ந்த கொடியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கோடு, இரண்டு புள்ளி. சனியனே, உனக்கு இங்கே என்ன வேலை என்று வாய்விட்டே திட்டினேன். இலையைத் திருப்பினால் புழு. பக்கத்து இலையில் கூடு.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மலையிலிருந்து துணியோடு வந்திருக்கும் என்றான். மலையில் விளக்குக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டுவோம். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் அதில் உட்காரும். மலைக்குக் கிளம்புவதற்கு முன்தினம் இதே மாடியில் கட்டி விளக்கை எரியவிட்டுப் பார்ப்பது வழக்கம். இந்தச் சோம்பேறி துணியை உதறாமலே சுருட்டுவான். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு புழு கிடைத்ததில்லை. பூச்சி அகப்பட்டதெல்லாம் துணியில் மட்டும்தான். இந்தக் கொடியோ அங்கே முளைப்பதே இல்லை.

"அண்ணா, அது மலையிலேர்ந்து இங்க வரல. நாமதான் இங்கேர்ந்து கொண்டுபோயிருக்கோம்."

அவன் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொடியை வேரோடு பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடு. நாளைக்கு நான் உள்ளதைத்தான் சொல்லணும். அம்மாகிட்ட மட்டும் நீ சொல்லிடு, எனக்கு வாய் வராது."

கீழே வந்து போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். கேஸ்தான் ஜெயித்த மாதிரி ஆயிற்றே, கூரையைப் பிரித்து மாற்ற ஆள் ஏறிவிட்டது, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள்.