காட்டுக்குள் மறைந்த பள்ளம்

விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து மலைகளின் உயரக்கோடுகளை வரைவதுதான் ஹெலினாவின் வேலை. கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில். அந்த முறை வந்தது அமெரிக்காவில் ஒரு மலைநாடு; சரிவெல்லாம் மாட்டுப் பண்ணைகள், மேலே அடர்ந்த காடு. மரங்கள் மூடித் தரை தெரியாத இடத்தில், நிச்சயமில்லை என்பதற்கு அடையாளமாகப் புள்ளிக்கோடு போட வேண்டும். ஈஸ்டர் பாட்டுப் பயிற்சிக்குத் திருநின்றவூர் போய்ச் சேரும் அவசரத்தில், ஒரு காட்டுச் சரிவை உத்தேசமாக முழுக்கோட்டில் இழுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஜூனில் செய்தி வந்தது. அந்த வரைபடத்தை நம்பி மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன ஒரு பெண், காட்டுக்குள் மறைந்திருந்த செங்குத்துப் பள்ளத்தில் குதிரையோடு விழுந்துவிட்டாள். அவளுக்கு இடுப்பெலும்பு முறிவு. கால் ஒடிந்த குதிரையைச் சுட வேண்டியதாயிற்று.

மேனேஜர் பாஸ்கரன் எல்லோர் முன்னாலும் கேட்டார். "இத செக் பண்ணது யாரு?"

"நான்தான் சார்," என்றான், அவள் வரைவதைச் சரிபார்க்கும் ஜெர்வின்.

"கண்ண மூடிகினு பாத்தியா? ஊட்டுக்குப் போ. கூப்டா வந்தா போதும்."

வரைந்தது யாரென்று அவர் கேட்கவில்லை. தப்பு எதுவானாலும் செக்கிங் தலையில் விழுவதே அங்கே வழக்கம். ஹெலினாவும் வாய் திறக்கவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு போனபிறகுதான் எழுந்து ஓடி, கேட்டருகே அவனைப் பிடித்தாள்.

"ஏன்டா எம்பேரச் சொல்லல?"

"நீங்க வரைஞ்சதாச்சேன்னு பாக்காமயே ஓகே குடுத்தேன்க்கா. எம்மேலயும் தப்பு கீதுல்ல?"

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நேராகப் பாஸ்கரனின் அறைக்குப் போனாள்.

"சார், அங்க தரையே தெரியல. தெரிஞ்சா மாதிரி நான்தான் வரைஞ்சேன். ஜெர்வின் என்னை நம்புனான், அவ்ளோதான்."

பாஸ்கரன் அந்த வரைபடத்தைத் திரையில் திறந்தார். "இதே மாதிரி வேற எங்கயாச்சும் வரைஞ்சு வச்சிருக்கியா?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"இருக்கு சார்."

அந்த வரைபடங்களை யாரும் நம்ப வேண்டாமென்று அன்றே தகவல் போனது. அவளுடைய சீனியர் பொறுப்பு பறிபோனது. காட்டுப் பகுதி முழுவதையும் அவளே திரும்ப வரைந்தாள். ஜெர்வின் அந்த வாரமே வேலைக்குத் திரும்பினான். அவளிடம் சிரித்துப் பேசினான். ஆனால் அவள் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே ஓகே கொடுத்தான்.

அந்தப் பெண் கைத்தடி ஊன்றி நடக்கிறாள் என்று பிறகு தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஹெலினா அவளுக்காக மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். குதிரைக்காக என்ன வேண்டுவதென்று தெரியாமல் எழுந்து வெளியே வந்தாள்.