நாலு விரல் தகரம்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், ஒரே நீளக் கூரையின் கீழ், ஆறு காம்பரா; ஒரு குடும்பத்துக்கு ஒன்று. கூரைக்குப் புதுத் தகரம் வந்தபோது ஐந்துக்குத்தான் வந்தது. விடுபட்ட நாலாவது என்னுடையது. அது என் மனைவி கிருஷாந்தியின் பெயரில் இருந்தது. கொழுந்து எடுத்தவள் அவள். மாசியில் இறந்தாள். செக்றோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், பெயர் இல்லாதவருக்குத் தகரம் இல்லை என்று லிஸ்டில் அவள் பெயரை அடித்தவர் தோட்டத் தலைவர் நல்லமுத்து. செத்த வீட்டில் முன்னால் நின்று பந்தல் போட்டவரும் அவரே. இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

அவர் ஐந்தாவது காம்பரா. எங்கள் நடுச்சுவருக்கு வந்ததும் தகரத்தை நீளவாக்கில் வெட்டி நிறுத்த வேண்டும். தகரம் வெட்டும் கத்திரி லயத்தில் என்னிடம் மட்டும்தான் உண்டு. பட்டம் வாங்கிவிட்டு ஹட்டனில் ஒரு கடையில் கூரைத் தண்ணீர் வடியும் தகரப் பீலி செய்கிறேன். என் கூரையை ஒழுக விட என் கத்திரியையே கேட்டு வந்தார்.

"நீயே வெட்டிக் குடு தம்பி. ஒனக்குத்தான் கை பழக்கம்."

ஏறினேன். சுவருக்கு நேராகச் சோக்கட்டியால் கோடு போட்டிருந்தார். அது நெளித் தகரத்தின் பள்ளத்தில் ஓடியது.

"பள்ளத்துல வெட்டக்கூடாது தலைவரே. தண்ணி ஓரம் வழியா உள்ள எறங்கும். அடுத்த மேட்டுல வெட்டணும்."

"மேடு எங்க இருக்கு?"

"என் பக்கம். நாலு விரல்."

கீழே நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, படிச்சவன் வேலைய? நாலு விரல் தகரம் சும்மா கேக்குறான். கோட்டுல வெட்டு தம்பி."

கோட்டிலேயே வெட்டினேன். கத்திரியின் வாயை முழுதாக மூடாமல் தள்ளித் தள்ளி வெட்டினால் விளிம்பு பிசிறாது. பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் பகல் முழுக்க மழை. என் காம்பரா எப்போதும்போல ஒழுகியது. சட்டிகள் அதனதன் இடத்தில் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் மனைவி காளியாயி அக்கா கத்தினார்: "புதுத் தகரமாம் புதுத் தகரம்! மெத்தையெல்லாம் ஊறிப்போச்சு. என்னத்த வெட்டச் சொன்னீங்க?"

மழை விடுமுன்பே நல்லமுத்து தலையில் சாக்கோடு வந்தார். கையில் லிஸ்ட். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் கிருஷாந்தியின் பெயரை மறுபடி எழுதியிருந்தார். தலைவரின் மெத்தை நனைந்ததும் என் மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

"தகரம் மிச்சம் இருக்கு தம்பி. ஒன் கூரையும் சேத்துப் போட்டாத்தான் ஒழுக்கு நிக்கும். இதுல சைன் வச்சிரு."

"அவ பேருதான இருக்கு. அவளக் கூப்பிட்டு வாங்குங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காளியாயி அக்கா: "அந்தத் தம்பி பேரையே எழுதித் தொலைங்களேன்!"

என் பெயரை எழுதினார். திலக்ஷன். எழுத்துப் பிழையோடு. கையொப்பம் வைத்தேன். மழை விட்டதும் என் கூரைக்கும் தகரம் ஏறியது.

கடைசித் தகரம் அவர் பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கதவில் வந்து நின்றார்.

"கத்திரியக் குடு தம்பி, அந்த ஓரத்த எடுத்துர்றேன்."

"கத்திரிக்கும் லிஸ்ட் இருக்கு தலைவரே. ஒங்க பேரு அதுல இல்ல."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். கதவைச் சாத்தினேன்.