அறுத்த பீலி

தைப்பூசக் காலையில், மருதமலை முகட்டைப் போர்த்திருந்த பனி மெல்ல விலக, துடியலூரும் சோமனூரும் இன்னும் பல ஊர்களும் அனுப்பிய அடியார் திரள் அரோகரா முழக்கித் தோள்தோறும் காவடி தாங்கிப் படியேறிய அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில், அடிவாரத்தில் மயிற்பீலி கட்டி விற்கும் ரங்கநாயகியின் நெஞ்சு மட்டும் குன்றிக் கிடந்ததை, நயமறிந்த நண்பர்களே, உங்களிடம் ஒளித்து என்ன பயன்?

ஆவணி புரட்டாசியில் மயில் தானே உதிர்த்த தோகையை அன்றி வேறெதையும் தொடாதவள் என்று பெயரெடுத்தவள் அவள். முருகன் ஊர்தியைக் கொன்று முருகனுக்கே சூட்டுவதா என்று பிறரை வாய் கிழிய ஏசியவளும் அவளே. அவ்வாண்டு சேர்த்த பீலி கார்த்திகையிலேயே தீர்ந்துபோக, மார்கழியில் ஒருவன் கட்டுக்கட்டாய்க் கொணர்ந்தான். உதிர்ந்த பீலியின் அடி முழுமையாய் இருக்கும். இவையோ குருதிக்கறை தெரியாதபடி ஒரே சீராய் நறுக்கப்பட்டிருந்தன. அவளுக்கா தெரியாது? அடடா, எல்லாம் தெரியும்! தெரிந்தே வாங்கி, நறுக்கிய அடிகளைச் சிவப்புத் துணியால் சுற்றி மறைத்தாள்.

சோமனூர் உழவர் பொங்கியண்ணன், காய்ச்சலில் பிழைத்த மகளுக்காக நேர்ந்துகொண்ட காவடிக்குப் பீலி கட்ட, அதன் வெறும் மரத்தைத் தோளில் தாங்கி அவள் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்க காட்டோரம் எவனோ சோளத்துல மருந்தக் கலந்து வெச்சு, மயிலுகளக் கொன்னு தோகைய அறுத்துட்டுப் போயிட்டானுங்க. அந்தப் பாவம் எம்புள்ள காவடியில ஒட்டக் கூடாதுன்னுதான் உங்ககிட்டயே வாங்கோணும்னு வந்தேனுங்க."

அவள் பீலியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு அவர் கும்பிட்டபோது, அந்தக் கும்பிடு அவளைச் சுட்டது.

"கும்புடாதீங்கண்ணா. இதுவும் அறுத்ததுதானுங்க. தெரிஞ்சேதான் வாங்குனேனுங்க."

அவர் பீலியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் பலகைமேல் வைத்துவிட்டு, வெறும் மரத்தைத் தோளிலேற்றிக் கூட்டத்தில் கலந்தார்.

"என்னுங்க, காவடி மொட்டையா இருக்குது? பீலி இல்லாம நேர்த்தி எப்படிங்க நெறையும்?" என்று அருகில் நின்ற ஒருவர் கேட்டது கடைவரை கேட்டது. ரங்கநாயகி மூச்சடக்கி நின்றாள்.

"நேரத்துக்குப் பீலி கெடைக்கலீங்க," என்றார் பொங்கியண்ணன், கடைப்பக்கம் திரும்பாமலே.

நாலு பேர் நடுவே அவர் வைதிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். மகளின் நேர்த்தியைக் குறைவோடு சுமந்தும் அவர் அவள் மானத்தைக் காத்துவிட்டாரே என்பதுதான் அவளைக் கொன்றது. வைதவர் முன் குனிந்த தலை ஒருநாள் நிமிரும். காத்தவர் முன் குனிந்த தலை நிமிர்வது எந்நாளோ!