பயணிகளின் கனிவான கவனத்திற்கு

பேருந்து நிலையத்தில் மைக்கில் ஊர் ஊராகச் சொல்லி வண்டி அனுப்புகிறவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தால், அதைவிட வேறு வினை வேண்டுமா? ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னார்: "கட்டிய எடுத்தாச்சு. இனிமே பேசலாம். பழைய குரல் வருமான்னு பேசினாத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது. பேசலாம் என்று சொல்லி ஒரு வாரம் ஆகியும் அவள் மூச்சு விடவில்லை. கை தட்டிக் கூப்பிட்டாள், கண்ணை உருட்டி மிரட்டினாள், பால் பொங்கினால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஏதாவது வந்து தொலைத்தால், கண்ணாடி அறையில் அவளுடைய நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும். பேசாதவரை குரல் போகவில்லை என்பது அவள் கணக்கு.

அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருப்பவர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. இத்தனை நாளாக அவளுக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டிருந்தார். "மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்" என்று எந்த டாக்டரும் சொல்லாததைச் சொல்லி, கடையைப் பூட்டிவிட்டு, அவளையும் மகளையும் இந்த ஏரிக்கு இழுத்து வந்திருந்தார்.

ஏரி அழகுதான், குறை சொல்ல முடியாது. மூன்று பக்கமும் மலை, தண்ணீருக்குள்ளும் அதே மலை. எதிர்ப்பாறையைப் பார்த்துக் கத்தினால் அது திருப்பிக் கத்தும் என்பதால், வந்தவர்கள் எல்லாரும் வெட்கமில்லாமல் தங்கள் பெயரையே கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நீயும் ஒரு தடவ கத்தேன்" என்றாள் மகள்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்காரர் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சமாளித்து, "வாடி, நாம படகுல போவோம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு மிதிபடகில் ஏறினார்.

அவர்கள் ஏரியின் நடுவுக்குப் போயிருப்பார்கள், மலைமேலிருந்து மூடுபனி இறங்க ஆரம்பித்தது. படகுத்துறைக்காரர் மைக்கை எடுத்தார். எடுத்தவர் அதை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டார். "போட்... கொர்ர்... எல்லாம்... கொர்ர்..." என்றது ஒலிபெருக்கி. ஒரு படகும் திரும்பவில்லை. ஏதோ வரவேற்பு சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் கையசைத்தார்கள். அதில் முதல் கை அவள் வீட்டுக்காரருடையது.

அவள் எழுந்து ஓடினாள். மைக்கைத் தள்ளிப் பிடிக்கும்படி கையால் காட்டினாள்.

"கழிப்பறை அந்தப் பக்கம்மா" என்றார் படகுத்துறைக்காரர்.

பயம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். மைக்கை இப்படிக் கொலை செய்கிறவனை அவள் தொழிலில் ஒரு நாள் வைத்திருப்பார்களா? படகுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைந்துகொண்டிருந்தன. வெடுக்கென்று மைக்கைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏரியில் மூடுபனி இறங்குவதால், அனைத்துப் படகுகளும் உடனடியாகக் கரை திரும்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

எதிர்ப்பாறை அதை வாங்கி, வரிசை குலையாமல் திருப்பித் தந்தது. அவளுடைய குரல். கொஞ்சம் கனத்திருந்தது, ஓரத்தில் லேசான கரகரப்பு இருந்தது, ஆனால் அவளுடையதேதான். அப்பாடா என்றிருந்தது. இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல ஆசை வந்து, "தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

படகுகள் வரிசையாகத் திரும்பின. எல்லாவற்றுக்கும் முன்னால், பேய் துரத்துகிற மாதிரி மிதித்துக்கொண்டு வந்தது வீட்டுக்காரரின் படகு.

"மேடம், எந்த பிளாட்பாரத்துல நிறுத்தணும்?" என்று தண்ணீரிலிருந்தே கத்தினார்.

"மொதல்ல கரைக்கு வாங்க! புள்ள எப்படி நனைஞ்சிருக்கா பாருங்க. எச்சரிக்கை பண்றாங்கன்னு தெரியாம கைய வேற ஆட்றீங்க. உங்களுக்கு எல்லாமே விளையாட்டா?"

அவர் கரையேறினார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஈரப்பலகையிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"என்னங்க, ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று பதறினாள் அவள்.

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீ திட்டு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."