ஒரு சாண் இறக்கம்

ஒரு சாண்தானே கேட்டேன். வானத்தையா இறக்கித் தரச் சொன்னேன்?

முக்காலியின் மேல் நின்று அரிசி டின்னைச் சாய்த்துக்கொண்டே அன்னாள் இப்படி நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது அந்த வீட்டில் ஒரு பேச்சாகவே இல்லாமல் போயிருந்தது. கல்யாணமான புதிதில் அவள் புருஷன் ராயப்பன் சமையலறைச் சுவரில் டின்கள் வைக்கும் அந்தப் பலகையை அடித்தான். ஆறடி மனிதன், தன் கைக்கு எட்டிய இடத்தில் ஆணியை வைத்தான். அவளுக்கு எட்டுமா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. "ஒரு சாண் எறக்கி அடிங்க" என்று அவள் அன்றைக்கே சொன்னாள். "நாளைக்கிப் பாக்கலாம்" என்றான். முக்காலியில் ஏறினால் எட்டிவிடுகிறது, அதனால் அந்த நாளை வரவே இல்லை. ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை முக்காலி முனகும். அவ்வளவுதான்.

சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நாமக்கல் ரோட்டைப் பார்த்த தகரக் கொட்டகையில், எப்போதும் லாரிகள்தான் நிற்கும். ராயப்பன் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவன். இந்த வாரம் லாரி எதுவும் இல்லை. பச்சை நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக் கூரை போட்ட ஒரு சீமைக் கார் மட்டும் நின்றது. ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார். அதையும் இறக்கித்தான் தரவேண்டுமாம்.

திங்கட்கிழமை அது வந்தபோது அன்னாள் ஜன்னலில் இருந்தாள். ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண் என்பதை நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, சேலத்தில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் தண்டாயுதபாணிக்கு வாழ்க்கைப்பட்ட கமலவேணி. ஊரில் அவளைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. அன்னாளின் வயதுதான் இருக்கும். அன்னாளின் உடம்புவாகுதான்.

"மேஸ்திரி, இந்த வண்டியைக் கொஞ்சம் எறக்கித் தர முடியுங்களா?"

ராயப்பன் சிரித்தான். "இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். பட்டை சேத்துக் கட்டு, ஒசத்திக் குடு, இன்னும் அம்பது மூட்டை ஏத்தணும்னுதானுங்கம்மா எல்லாரும் கேப்பாங்க. எறக்கிக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். பந்தயத்துல ஓட்டறதுக்குங்களா?"

"பந்தயமெல்லாம் இல்லைங்க. கடைவீதி, கோயிலு, எங்கம்மா ஊடு. தெருவுல ஓட்டத்தான்."

"தெருவுன்னா மாட்டுவண்டித் தடமெல்லாம் இருக்குமே. ரயில்வே கேட்டுல தண்டவாளம் வயித்தை இடிக்கும்."

"இடிக்காத அளவுக்கு எறக்குங்க. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

அதற்குத்தானே உங்களிடம் வந்தேன். அன்னாள் அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக, யாரையும் கெஞ்சாமல், ஒரு பெண் ஓர் ஆணிடம் ஒன்றைக் கேட்க முடிகிறது. கேட்டதும் அவன் வண்டிக்கடியில் படுத்துவிடுகிறான்.

அன்றிலிருந்து ராயப்பன் வேறு ஆளாகிவிட்டான். ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பட்டை பட்டையாகப் பிரித்து, சாக்கின் மேல் வரிசையாக அடுக்கினான். ஒரு பட்டையை எடுத்துவிட்டால் வண்டி இறங்கிவிடும், ஆனால் தொளதொளவென்று ஆடும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டான். ஒவ்வொரு பட்டையின் வளைவையும் சுத்தியலால் தட்டித் தட்டிக் குறைக்கவேண்டும். அதிகம் தட்டினால் உயிர் போய்விடும், குறையத் தட்டினால் பழையபடி எழும்பிவிடும். லாரிப் பட்டையை அடிக்கிற அடி அல்ல அது. சத்தம் கேட்டாலே தெரிந்தது. தட்டுவான், நிறுத்துவான், விரலால் தடவிப் பார்ப்பான், மறுபடியும் தட்டுவான். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவினான். சோற்றில் கை வைக்க உட்காரும்போது கிரீஸ் கையைத் துணியில் துடைத்தால் போதும் என்று நினைக்கிற மனிதன்.

தினமும் பதினொரு மணிக்குக் கமலவேணி குதிரை வண்டியில் வந்து, பழைய லாரி சீட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். அவன் அவளிடம் கேள்வி கேட்டான்.

"குழியில எறங்கி ஏறறப்ப உங்களுக்கு எங்கீங்க குலுங்குது? இடுப்புலயா, பொடனியிலயா?"

"இடுப்புலதான் மேஸ்திரி. இடது பக்கமா."

"இடது பக்கம். செரி." ஏதோ வேதவாக்கைப் போல அவன் தலையாட்டினான்.

போன சித்திரையில் அன்னாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் நிமிர முடியவில்லை. எந்தப் பக்கம் என்று அவன் கேட்டானா? தைலம் வாங்கி வந்தான். இல்லையென்று சொல்லக் கூடாது. பாட்டிலை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கவில்லை.

புதன்கிழமை மோர் கொண்டுவந்த ராமாத்தாள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அன்னா, உங்க ஊட்டுக்காரருக்கு லாரி சகவாசம் போயி கார் சகவாசம் வந்துருச்சாட்ட இருக்குது" என்றாள்.

"வேலைதானுங்கக்கா."

"வேலைதான், யாரு இல்லைன்னா. போன மாசம் எங்க பால்வண்டி அச்சைக் கொண்டாந்து குடுத்தேன். 'வெச்சுட்டுப் போ'ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. இங்க பாரு, அம்மணி அம்மணின்னு வாயில தேன் ஒழுகுது."

ராமாத்தாள் போன பிறகுதான் அன்னாள் அதைக் கவனித்தாள். திங்கட்கிழமை 'அம்மா'வாக இருந்தது எப்போது 'அம்மணி' ஆயிற்று? அம்மா என்பது முதலாளியைக் கூப்பிடுவது. அம்மணி என்பது வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது. அன்னாளைக்கூட அவன் அம்மணி என்று கூப்பிட்டதுண்டு, கல்யாணமான முதல் வருஷத்தில்.

சிறுமியாக இருந்தபோது ஞானோபதேச வகுப்பில் ஏழு தலையான பாவங்களை மனப்பாடம் செய்ததில் 'காய்மகாரம்' என்று ஒன்று வரும். அது ஏதோ காய் தின்பதால் வருகிற பாவம் என்று அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பொறாமைதான் அது என்று கன்னியாஸ்திரி சொன்னபோது, அது தனக்கு வராது என்று நிம்மதியாக இருந்தது. வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும். என்னவென்று சொல்வது? ஒரு பெண்ணின் மேல் காய்மகாரம் கொண்டேன் என்றால் சாமியார் ஏன் என்று கேட்பார். அவள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. அவனும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு காரின் மேல் காய்மகாரம் கொண்டேன் சுவாமி என்று சொல்லலாம். அதுதான் கிட்டத்தட்ட உண்மை. பட்டை பட்டையாகப் பிரித்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்து, ஒருவன் உட்கார்ந்து சரிசெய்கிற பொருளாக இருப்பது எப்படி இருக்கும்?

அன்று மத்தியானம் அவன் சாப்பிடும்போது, "உள்ள உக்காந்தா எப்பிடி இருக்குமுங்க?" என்று கேட்டாள். அவள் இதுவரை காரில் உட்கார்ந்ததே இல்லை. கல்யாணமாகி மேச்சேரியிலிருந்து வந்ததுகூட லாரியின் முன்சீட்டில்தான்.

"அது அவிங்க வண்டி. நாம உக்காரக் கூடாது" என்றான் அவன். "தோல் சீட்டு. கறை கிறை பட்டுரும்."

அவள் ரசம் ஊற்றினாள்.

மறுநாள் கமலவேணி தண்ணீர் கேட்டு உள்ளேயே வந்துவிட்டாள். அன்னாள் அப்போது முக்காலியின் மேல் இருந்தாள். இறங்கி, செம்பை விளக்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கமலவேணி அண்ணாந்து குடித்தாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. தண்ணீர் குடிப்பதில்கூட ஒரு அழகு இருந்தது என்பதை அன்னாள் வெறுப்போடு ஒப்புக்கொண்டாள்.

"எதுக்கு வண்டியை எறக்கறேன்னு எல்லாரும் கேக்கறாங்க. நீங்க கேக்கலையே?"

"எனக்கு என்னங்க தெரியும்."

"ஒசரமா உக்காந்து ஓட்டுனா கடைவீதியில அத்தனை பேரும் பாக்கறாங்க. கொஞ்சம் எறங்கி உக்காந்தா கண்ணுல படமாட்டேன்னு ஒரு நெனப்பு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

பச்சைக் காரில் போய்க்கொண்டு கண்ணில் படக் கூடாதாம். ஆனால் அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. அதைப் பார்த்தபோது அன்னாளுக்கு ஒரு கணம் அவளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கமலவேணி சுவரைப் பார்த்தாள். "பலகை ஏன் இத்தனை ஒசரத்துல இருக்குது?"

"அவரு அடிச்சது."

"எறக்கித் தரச் சொன்னா ஒரு நிமிச வேலை. நான் மேஸ்திரிகிட்டச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க" என்றாள் அன்னாள். "எனக்கு இதுவே பழகிப்போச்சு."

கமலவேணி சொன்னால் அவன் செய்துவிடுவான். ஆறு வருஷம் தான் கேட்டுக் கிடைக்காதது, அவள் ஒரு வார்த்தை சொல்லிக் கிடைத்தால், அந்தப் பலகையிலிருந்து அரிசி எடுத்து எப்படிச் சோறு பொங்குவது?

வெள்ளிக்கிழமை காலையில் கார் நாலு சக்கரத்திலும் நின்றது. ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. உட்கார்ந்திருக்கும் பூனையைப் போலத் தரையை ஒட்டி இருந்தது. ராயப்பன் ஒரு செங்கலை எடுத்து, குறுக்குவாட்டில் நிறுத்தி, வண்டியை அதன் மேல் தள்ளினான். செங்கல் அசையவில்லை, வண்டியின் வயிறு அதற்கு மேல் விரற்கடை இடம் விட்டுத் தாண்டியது. அவன் தனியாக நின்று சிரித்தான். அவனுக்கு அந்தச் சிரிப்பு இருப்பதையே அன்னாள் மறந்துபோயிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். சோப்புப் போட்டுக் கழுவிய கை.

"அன்னா, செத்த வாரியா? ஒரு ஒத்தாசை."

"என்னங்க?"

"வண்டியில உக்காரணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா நிக்கறப்ப செங்கல் தாண்டிருச்சு. ஆளு உக்காந்தா எவ்வளவு அமுங்குதுன்னு பாக்கணும். மத்தியானம் அவிங்க வந்து எடுத்துட்டு நேரா நாமக்கல் போறாங்க. இன்னிக்கு ஊட்டுல விருந்தாளியாம், முன்னாடி வர முடியாதுன்னு சொல்லி உட்டுட்டாங்க. நீ உக்காந்து அப்பிடி இப்பிடிச் சாயி. நான் கீழ படுத்துப் பாத்துக்கறேன்."

"மணல் மூட்டை வெக்கக் கூடாதுங்களா?"

"மூட்டை மூட்டையாட்டந்தான் கெடக்கும். மனுசன் சாயற மாதிரி சாயாது."

அன்னாள் கையைத் துடைத்தாள். முந்தானையை உதறிச் சரியாகப் போட்டுக்கொண்டாள். அவன் பின்னால் நடந்து கொட்டகைக்கு வந்தாள். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் அவளுக்குக் கதவு திறந்து பிடித்ததில்லை. உள்ளே சீட்டு மண்ணிறத் தோல். வெயிலில் சூடாகி ஒரு வாசனை வந்தது. மல்லிகையும் அதில் கலந்திருந்தது. ஒரு காலை உள்ளே வைக்கப்போனாள்.

"நீ உக்காந்தா அவிங்க உக்காந்த கணக்குத்தான்" என்றான் அவன், உற்சாகமாக. "ரெண்டு பேரும் ஒரே எடை."

கால் நின்றது. "அவிங்க எடை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டேன். ரயில்வே ஸ்டேசன் எடை மெசின்ல ஏறிப் பாத்தாங்களாம், நூத்திப் பன்னெண்டு பவுண்டு."

"என்ற எடை? நான் எந்த மெசின்லயும் ஏறலையே."

"உனக்கு மெசின் எதுக்கு? இருவது வருசமா பாரம் தாங்கற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான இருக்கறேன். நீ முக்காலியில ஏறி எறங்கறப்ப முனகுது பாரு, அதுலயே தெரியும். சொவத்துக்கு இந்தப் பக்கம் ஆறு வருசமாக் கேக்கறேனே. போன சித்திரைக்கப்புறம் ரெண்டு பவுண்டு எளைச்சுட்டே."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

அன்னாள் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காது கேட்கவில்லை, கவனம் இல்லை என்று ஆறு வருஷமாக அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவையும், அந்த முனகல் அவன் காதில் விழுந்திருக்கிறது. இடுப்பு பிடித்த நாளிலும் விழுந்திருக்கிறது. எடை குறைந்ததுவரை தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு சுவரின் அந்தப் பக்கம் சுத்தியலும் கையுமாக இருந்திருக்கிறான்.

அவள் காலைக் கீழே வைத்தாள்.

ஏதோ சரியில்லை என்று அவனுக்கும் பட்டிருக்கவேண்டும். "என்ன நின்னுட்டே? உக்காரு. சாயங்காலமே உன்ற பலகையை எறக்கித் தாரேன், போ. அம்மணிகூட நேத்துச் சொன்னாங்க, உனக்கு அது ஒசரமா இருக்குதுன்னு. எனக்குத் தோணவே இல்லை பாரு."

ரோட்டில் ஒரு லாரி போனது. கொட்டகைத் தகரம் அதிர்ந்து அடங்கியது. தனக்குக் கோபம் வரும் என்று அன்னாள் நினைத்தாள். இல்லை. மனசு நிதானமாகத்தான் இருந்தது.

"நான் உக்காரலீங்க" என்றாள். "மணல் மூட்டையே வெச்சுக்குங்க. பலகையும் அங்கியே இருக்கட்டும்."

கதவை அவன் கையிலிருந்து வாங்கி, சத்தம் வராமல் சாத்தினாள்.