சொல்லுக்கு ஒரு கண்ணி

ஹாய்ஸ்ட்டுக்கு எண்ணெய் போடுகிறவனிடம் யாராவது பேசினால், பேசிய சொல் ஒன்றுக்கு ஒரு கண்ணி வீதம் அதன் சங்கிலி இறங்கும். பாரம் தூக்கும் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் இது பொது. அதனால்தான் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளில் எண்ணெய் போடும் ஆளை வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். ஒரு வாரம் யாரும் பேசாமல் இருந்தால் மனுசனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கோவைக்குக் கிழக்கே நாச்சிமுத்துவின் பவுண்டரியில் மட்டும் முறை மாறவில்லை. அங்கே மூன்றாம் நம்பர் ஹாய்ஸ்ட்டில் மூன்று டன் எடையுள்ள ஒரு வார்ப்பு பதினான்கு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லாரி வருகிறது, தூக்கியே வையுங்கள் என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். லாரி வரவில்லை. முறைக்கு நின்ற இன்னொரு ஆள் திருப்பூரில் மருமகன் வீட்டோடு போய்விட்டான். வேலை, அந்த வாரம் முறையில் இருந்த சென்னியப்பனிடமே தங்கிவிட்டது.

ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று டன் யார் தலையிலும் விழக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் வாயை மூடிக்கொண்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்காமலேயே டிக்கெட்டைக் கையில் திணிப்பார். கோயிலில் ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்காமல் மனப்பாடமாக அர்ச்சனை செய்வார். ஒருமுறை அவன் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் "காபி எடுத்துக்குங்க" என்றது. இங்கே இரண்டு கண்ணி இறங்கியது. பவுண்டரியில் ஏற்றும் பட்டனை அழுத்திச் சரிசெய்துகொண்டார்கள். தரகர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் இறங்குமா என்று முதல் வருடம் சென்னியப்பன் ஆசையோடு பார்த்தான். மறுநாள் அளந்தால் அரைக் கண்ணிகூட அசைந்திருக்காது. அந்த வணக்கம் எல்லோருக்கும் சொன்னது.

அவன் பேசினால் பாரம் அசையாது. அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பதில் வராத பேச்சை எத்தனை நாள் பேசுவது? இரண்டாம் வருடத்திலேயே விட்டுவிட்டான்.

தினமும் காலையில் ஏணியில் ஏறுவான். காட்டன் வேஸ்ட்டால் சங்கிலியைத் துடைப்பான். கியர் பெட்டியில் எண்ணெய் மட்டம் பார்ப்பான், கொக்கியின் கழுத்துக்குக் கிரீஸ் வைப்பான். பிரேக் பக்கம் மட்டும் எண்ணெய்க் கையைக் கொண்டுபோகமாட்டான். ஹாய்ஸ்ட்டோடு தொங்கும் பையில் தொளதொளவென்று கிடக்கும் மிச்சச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விலக்கி, ஒன்றோடொன்று உரசும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுவான். பாரத்துக்கும் தரைக்கும் நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணி இடைவெளி. ஒரு கண்ணி ஒரு அங்குலம்.

ஐப்பசியில் வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வார்ப்பு வேண்டாமாம், இறக்கிவிடலாமாம். இறக்கும் பட்டனை அழுத்தினார்கள், வேலை செய்யவில்லை. அதற்குள்ளே இருக்கும் கம்பிச் சுருளை இப்போது யாரும் செய்வதில்லை. ஏறுவதற்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

முதலாளி நாச்சிமுத்து பட்டனைத் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "அவங்கிட்டப் பேசி எறக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பர்வைசர் கிட்டுசாமி முன்னே வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "டேய் சென்னியப்பா, எப்படிடா இருக்கே, நல்லா இருக்கியா?" என்றார்.

ஒரே மூச்சில் ஆறு கண்ணி. பிரேக்கில் புகை கிளம்பியது, மூன்று டன்னும் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. சென்னியப்பன் புகையைப் பார்க்கவில்லை. தான் நன்றாக இருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு பதில் கிடைத்தபோது சூப்பர்வைசர் மெயின் சுவிட்சை அணைக்க ஓடியிருந்தார்.

ஒரு சொல் சொல்ல வேண்டும், பிரேக் ஆற வேண்டும், பிறகுதான் அடுத்த சொல். இதற்குத் தோதான ஆளாக எடை மேடையிலிருந்து சாந்தாமணியை அழைத்து வந்தார்கள். லாரி வந்தால் எடையைச் சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நாற்பத்தைந்து வயது, எதையும் அளந்துதான் செய்வாள்.

ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மேலே தொங்குவதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அரைமணிநேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஒரு கண்ணி இறங்கியது. சத்தமே இல்லை.

"சாப்பிட்டேனுங்க" என்றான் சென்னியப்பன். குரல் கரகரத்தது, இரண்டுமுறை இருமிக்கொண்டான். "களியும் கீரையுமுங்க. நேத்து வெச்ச கீரை. நான் ஒருத்தன்தானுங்களே, ஒரு கட்டு வாங்குனா ரெண்டு நாளைக்கு ஓடிருது. மூணாம் நாளு கசக்குமுங்க. கசந்தாலும் கொட்ட மனசு வராது பாத்துக்குங்க."

சாந்தாமணி தலையாட்டினாள். தலையாட்டுவது கணக்கில் வராது. பிரேக் ஆறியதும், "என்ன கீரைங்க?" என்றாள். இரண்டு கண்ணி. அவன் பண்ணைக்கீரையில் தொடங்கி, சந்தையில் கீரை விற்கிற அம்மா தன்னைக் கண்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வதுவரை சொன்னான்.

அன்றைக்கு முப்பத்தொரு சொல். பையிலிருந்து புதிதாக வெளியே வந்த முப்பத்தொரு கண்ணியும் எண்ணெயில் மினுங்கின. பதினான்கு வருடமாக அவன் பார்த்துப் பார்த்து எண்ணெய் விட்டவை அவை.

அவள் போன பிறகு கணக்குப் போட்டான். மிச்சம் நூற்று எழுபத்தைந்து. இப்படியே போனால் ஆறு நாளில் பாரம் தரையில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு அவனிடம் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் யார் பேசுவார்கள்? பதினான்கு வருடத்தில் அவரவருக்குப் பேச வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். சாந்தாமணி எடை மேடைக்குப் போய்விடுவாள். சென்னியப்பன் பட்டன் பெட்டியைக் கையில் எடுத்தான். ஏற்றும் பட்டனை அழுத்தினான். முப்பத்தொரு கண்ணியும் சலசலவென்று பைக்குள் திரும்பின.

மறுநாள் சாந்தாமணி அண்ணாந்து பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றும் முப்பத்தொன்று. சாயங்காலம் அவன் மறுபடியும் ஏற்றினான். இப்படி ஒன்பது நாள் போயிற்று. அவளுடைய மகள் ஓசூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வாள், மற்ற நாளெல்லாம் வீட்டில் ஃபேன் சத்தம்தான் என்பதெல்லாம் சொல் சொல்லாக அவனுக்குத் தெரியவந்தது.

பத்தாம் நாள் அவள், "ஏத்தறீங்களா?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாங்க அம்மிணி."

பிரேக் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு, "தெரியும்" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான். சாயங்காலம் அவன் அந்த இரண்டு கண்ணியையும் ஏற்றிவைத்தான்.

முதலாளி டேப் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு பேசியும் பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. பட்டன் பெட்டிக்குள்ளே ஏதோ கோளாறு, பாரம் தானாகவே ஏறிக்கொள்கிறது என்று சூப்பர்வைசர் முடிவுகட்டி, ஏற்றும் வயரையும் கழற்றிப் போட்டார். இனி இருநூற்று ஆறு சொல், அவ்வளவுதான்.

சாந்தாமணி சிக்கனத்தில் இறங்கினாள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல், பிறகு ஐந்து. கடைசி வாரத்தில் நாளைக்கு ஒன்று. ஒரு நாள் முழுக்க யோசித்து, "மழை" என்றாள். அவன் அதற்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பதில் சொன்னான்.

கடைசி நாள் வந்தது. வார்ப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு கண்ணி. காலையிலிருந்து சாந்தாமணி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். முதலாளி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் கொக்கியைக் கழற்ற ஸ்பேனரோடு நின்றார்.

"சொல்லிருங்க" என்றான் சென்னியப்பன். "எத்தன நாளைக்குத்தான் நீங்களும் ஸ்டூல்ல உக்காந்திருப்பீங்க?"

சாந்தாமணி எழுந்து நின்றாள். "வரட்டுங்களா?" என்றாள்.

அம்மிக்கல்லை இறக்கிவைத்தது மாதிரி ஒரு சத்தம். வார்ப்பு தரையில் உட்கார்ந்துவிட்டது. முதலாளி பெருமூச்சு விட்டுக் காருக்குப் போனார். சாந்தாமணி ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

சென்னியப்பன் ஆயில் கேனைப் பிடித்தபடியே அழுதான். சத்தமில்லாமல் அழவில்லை, நன்றாகவே அழுதான். சுற்றிலும் நான்கு பேர் நின்றார்கள். இனி யாரும் கேட்கலாம், எதுவும் இறங்கப் போவதில்லை. ஆனால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கூரைக் கிர்டரைப் பார்த்தார்கள்.

சாந்தாமணி வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "சென்னியப்பண்ணா, ஏனுங்க அழுவறீங்க?" என்றாள்.

தரை மூன்று கண்ணி கீழே இறங்கியது. வார்ப்பும் அதனோடு இறங்கி, இறங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சூப்பர்வைசர் ஸ்பேனரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். சாந்தாமணி ஸ்டூலைப் போட்டாள். "உக்காருங்க" என்று அவனுக்கு அதைக் காட்டினாள். இன்னொரு கண்ணி.

பொங்கலுக்குள் தரை பன்னிரண்டு அடி இறங்கியிருந்தது. பையில் சங்கிலி குறையவில்லை. சென்னியப்பன் தினமும் காலையில் மேலே ஏறி எண்ணெய் விட்டுவிட்டு, பத்து மணிக்குக் கீழே வந்துவிடுவான். ஏணி வைத்து ஏறி இறங்கச் சாந்தாமணிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதால், முதலாளி ஒரு கொத்தனாரை வரவழைத்துப் படிக்கட்டு கட்டச் சொன்னார்.

கொத்தனார் வெளியூர்க்காரர். கடைசிப் படியைப் பூசி முடித்துவிட்டு, கரண்டியைக் கழுவிக்கொண்டே சென்னியப்பனைப் பார்த்து, "அண்ணா, அடுத்த படி எப்பங்க வேணும்னு சொல்லுங்க" என்றார்.

தரை ஆறு கண்ணி இறங்கியது. சரியாக ஒரு படி உயரம். கொத்தனார் கரண்டியை உதறிவிட்டு மறுபடியும் கலவையைக் குழைக்கத் தொடங்கினார்.